பேசாமல் வந்த ஆறு

தவறான பேருந்தில் ஏறிவிட்டேன் என்பது சுந்தரபாண்டியம் வந்த பிறகுதான் தெரிந்தது.

மதுரையிலிருந்து வந்த வண்டி திருவில்லிபுத்தூரோடு நின்றுவிட்டது. என்ஜினில் ஏதோ கோளாறு என்றார்கள். இறங்கியவர்கள் எல்லாரும் வேறு வண்டி தேடி ஓடினார்கள். நானும் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடினேன். நகரத் தொடங்கியிருந்த ஒரு பேருந்தைப் பார்த்து, "ராஜபாளையம் போகுமா?" என்று கேட்டேன். "போகும், போகும்" என்றது ஒரு குரல். அது யாருக்குச் சொன்ன பதிலோ தெரியவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்ததும் தூங்கிப்போனேன். நடத்துநர் எழுப்பி டிக்கெட் கேட்டபோது வெளியே நெல் வயல்கள் தெரிந்தன.

"அம்மா, இது வத்திராப்பு வண்டில்லா? ராஜபாளையம் அந்தப் பக்கம்லா இருக்கு" என்றார். திட்டவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிட்டு, எதிர்ச் சாரியில் நிற்கும்படி கைகாட்டிவிட்டுப் போனார்.

நாற்று நட்டுவிட்டு வந்த பெண்கள் சிலர் டீக்கடை முன்னால் நின்றிருந்தார்கள். முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது. நானும் ஒரு டீ வாங்கினேன். எங்கள் ஈப்போவில் டீயை மேலும் கீழும் இழுத்து நுரை எழுப்பிப் பெரிய கோப்பையில் தருவார்கள். இங்கே நான்கு மடக்கில் முடிந்துவிட்டது. பெட்டியையும் காலணியையும் பார்த்துவிட்டு ஒரு பெண் விசாரித்தார்.

"எந்த ஊரு தாயி?"

"மலேசியா."

"ராஜபாளையத்துல சொந்தக்காரவுக இருக்காகளா?"

"இல்லைங்க. ஒரு கவிஞரைப் பார்க்க வந்திருக்கேன். ஆற்றைப் பற்றி ஒரு கவிதை எழுதினவங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஆத்தப் பத்தி எழுத என்ன கெடக்கு? தண்ணி வந்தா ஆறு. வரலன்னா மணலு" என்றார். மற்றவர்கள் சிரிக்கவில்லை. உண்மைதானே என்பதுபோல் தலையசைத்தார்கள். என் பேருந்து வந்தது.

இந்த ஊர்களில் எனக்கு யாரும் இல்லை. என் முன்னோர் நாமக்கல் பக்கத்திலிருந்து ரப்பர்த் தோட்டத்துக்குக் கப்பலேறியவர்கள். நான் ஈப்போவில் ஓர் இடைநிலைப் பள்ளியில் தமிழ் சொல்லித் தருகிறேன். எங்கள் பள்ளி வாசிப்புத் தொகுப்பில் பல ஆண்டுகளாக ஒரு கவிதை இருக்கிறது. எழுதியவர் ராஜபாளையத்துப் பெண்மணி. இங்கே அவரைப் பாக்கியம் என்று சொல்கிறேன். அது அவர் பெயரல்ல. ஒரு மலையாற்றை, கல் கல்லாக, வேர் வேராக விவரிக்கும் கவிதை அது. மருத மரம் வரும், வாலாட்டிக் குருவி வரும், மீன்கொத்தி உட்காரும் வளைந்த கிளை வரும். மனிதர் யாரும் வரமாட்டார்கள். நடுவில் இந்த மூன்று வரிகள்:

வெயில் காலத்தில் ஆறு சின்னக் கல்லாகப் பேசும்.
மழைக் காலத்தில் பெரிய கல்லாகப் பேசும்.
நடுவில் ஒருநாள் பேசாமல் வந்தது.

இயற்கை வருணனை என்றுதான் பாடம் நடத்தி வந்தேன். மூன்றாவது வரியை மௌனத்தின் அழகு என்று விளக்குவேன். தொகுப்பில் உள்ள கவிதைகளை எழுதியவர்கள் குரலிலேயே பதிவு செய்து மாணவர்களுக்குக் கொடுக்கலாம் என்று ஆசிரியர்கள் முடிவு செய்தபோது, மற்றவர்கள் எல்லாரும் அலைபேசியிலேயே பேசி அனுப்பிவிட்டார்கள். பாக்கியம் மட்டும், "நான் வாசிக்கிறதில்ல டீச்சர்" என்று சொல்லி வைத்துவிட்டார். ஆண்டு இறுதி விடுமுறை வந்தது. நேரில் கேட்டால் மறுக்கமாட்டார் என்ற நம்பிக்கையில் கிளம்பிவிட்டேன்.

ராஜபாளையத்தில் இறங்கியதும் முதலில் தெரிவது மலைதான். எந்தத் தெருவின் மேற்குக் கோடியைப் பார்த்தாலும் நீலமாக நின்றுகொண்டிருக்கிறது. ஈப்போவைச் சுற்றியும் குன்றுகள் உண்டு. வீடுகளுக்கு நடுவே திடீரென்று எழும்பி நிற்கும் சுண்ணாம்புப் பாறைகள் அவை. இந்த மலை அப்படி இல்லை. தள்ளி, ஒரே சுவராக நிற்கிறது. அதன் உச்சியில் அன்று மேகம் இருந்தது. ஊரில் நல்ல வெயில்.

விடுதிக்குப் பக்கத்துக் கடையில் பரோட்டா சாப்பிட்டேன். எங்கள் ஊர் ரொட்டி சானாய் இதன் தங்கச்சிதான். ஆனால் இவர்கள் சால்னாவை ஊற்றி ஊறவைத்து, பரோட்டாவை மறுபடியும் மாவாக்கிவிடுகிறார்கள். அடுத்த மேசையில் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். என் கணவர் வீட்டார் தெலுங்கர்கள். எனக்கு ஓரளவு புரியும்.

"மேலே இரண்டு நாளாக மழையாம்" என்றார் ஒருவர்.

"அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை ஆற்றுக்கு அனுப்பாதே."

"இங்கே வெயில் அடிக்கிறதே, எப்படிச் சொன்னால் கேட்பார்கள்?"

பில் வந்ததும் எழுந்து போய்விட்டார்கள்.

மறுநாள் காலை பாக்கியம் வேலை பார்க்கும் இடத்துக்கே போனேன். சத்திரப்பட்டிப் பக்கம் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். தறிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்பதில்லை. துணியை மடித்துக் கட்டும் பகுதி பின்னால் இருந்தது. வெள்ளைத் துணி மலைபோலக் குவிந்திருக்க, அதன் நடுவே பெண்கள் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தார்கள். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய, ஒல்லியான ஒருவர் என்னைப் பார்த்ததும் எழுந்தார். தலைமுடி எங்கும் பஞ்சுத் தூசு.

"டீச்சரா? போன்ல கேட்ட அதே குரலு" என்றார். "இம்புட்டுத் தூரம் வந்துருக்கீகளே. நான்தான் வாசிக்கமாட்டேன்னு சொல்லிட்டேன்ல?"

"நேர்ல கேட்டுப் பார்க்கலாம்னு வந்தேன் அக்கா."

"நேர்ல கேட்டாலும் அதுதான்." கோபமில்லாமல் சொன்னார். "செத்த நேரம் உக்காருங்க. சாப்பாட்டு நேரத்துல வீட்டுக்குப் போவோம்."

வீடு நடக்கும் தூரத்தில் இருந்தது. இரண்டு அறைகள். தனியாகத்தான் இருக்கிறார். சோறும் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும் வைத்தார். அப்பளம் பொரித்துக்கொண்டே பேசினார். பிள்ளைகள் இல்லை. கணவர் தங்கராஜ் (இதுவும் மாற்றிய பெயர்தான்) ஆலங்குளம் பக்கத்துச் சுண்ணாம்புக் குவாரியிலிருந்து கல் ஏற்றும் லாரி ஓட்டியவர். பல வருடங்களுக்கு முன்னால் தவறிவிட்டார். எப்படி என்று நான் கேட்கவில்லை. சுவரில் படம் எதுவும் இல்லை. ஒரு முருகன் காலண்டர் மட்டும் தொங்கியது.

"நீங்க எழுதினதுல அந்த ஆறு எது அக்கா?"

"அய்யனார் கோயில் ஆறுதான். மலையடிவாரத்துல. ஞாயித்துக்கெழம கூட்டிட்டுப் போறேன். ஆத்துச் சத்தத்த வேணா எடுத்துட்டுப் போங்க. என்னைய விட அது நல்லா வாசிக்கும்." இதைச் சொன்னபோது லேசாகச் சிரித்தார். "நாளைக்கு எனக்கு லீவு. வில்லிபுத்தூர் போவோம். பால்கோவா வாங்காம ஊருக்குப் போனீகன்னா ஒங்கள யாரும் மதிக்கமாட்டாக."

அடுத்த நாள் திருவில்லிபுத்தூருக்குச் சரியான பேருந்தில்தான் ஏறினோம். ஆனால் பாதி வழியில் ஓர் ஆட்டுக் கூட்டம் சாலையை மறித்துக்கொண்டது. ஓட்டுநர் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கிப்போய் ஆடு மேய்ப்பவரோடு பேசிக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் இப்படி நடந்தால் யாராவது படம் பிடித்துப் புகார் கொடுத்திருப்பார்கள். இங்கே எல்லாரும் ஆடுகளைப் பற்றியே பேசத் தொடங்கினார்கள். பாக்கியம் மட்டும் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு மந்தையைப் பார்த்தேன். அவர், "அந்தக் கருப்புக் குட்டி முன்னங்கால தூக்கி வைக்கி, பாருங்க. முள்ளு தச்சிருக்கு" என்றார். அதன் பிறகுதான் எனக்கு அந்தக் குட்டியே கண்ணில் பட்டது.

பால்கோவாக் கடையின் பின்புறம் அகலமான இரும்புச் சட்டியில் பால் சுண்டிக்கொண்டிருந்தது. விறகு அடுப்பு; ஒருவர் நீளக் கரண்டியால் கிண்டியபடி இருந்தார். கடை வாசலில் ஒரு மரப்பெஞ்சு. எதிரே கோயில் கோபுரம். இலையில் வைத்துத் தந்த பால்கோவா கைச்சூடு இருந்தது. தின்று முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டபோது, நான் கேட்காமலேயே பாக்கியம் சொல்லத் தொடங்கினார்.

"எங்க வீட்டுக்காரவுகளும் இங்கதான் வாங்குவாக. லோடு எறக்கிட்டு இந்தப் பக்கம் வந்தா ஒரு பொட்டலம் வாங்கிட்டு வருவாக. ஒரு நாளு, லீவு கெடச்சுதுன்னு ரெண்டு பேரும் ஆத்துக்குப் போனோம். வெயிலுன்னா அப்படி வெயிலு. நான் கரையில துணி தொவச்சேன். அவிய நடு ஆத்துல பாறை மேல உக்காந்து எண்ணெ தேச்சுக்கிட்டிருந்தாக. மேல மலையில எப்பம் மழை பேஞ்சதோ யாரு கண்டா. தண்ணி வந்துருச்சு டீச்சர். பெரிய சத்தத்தோட வரும்னு எல்லாரும் சொல்லுவாக. எனக்கு ஒரு சத்தமும் கேக்கல. நிமிந்து பாத்தேன், பாறை இல்ல."

எங்கள் நாட்டில் அருவிகளுக்குப் பக்கத்தில் எச்சரிக்கைப் பலகை வைத்திருப்பார்கள். மலாய்க்காரர்கள் அந்தத் திடீர் வெள்ளத்துக்குத் 'தண்ணீரின் தலை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தெளிந்த வானத்தின் கீழே, எங்கோ பெய்த மழையின் தலை வந்து முட்டும். அந்தப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள் நான். ஆனாலும் 'நடுவில் ஒருநாள் பேசாமல் வந்தது' என்ற வரி அதைத்தான் சொல்கிறது என்று ஒரு முறைகூட எனக்குத் தோன்றவில்லை.

"தீயணைப்புக்காரவுக வந்தாக. போலீசும் வந்துச்சு. ஒரு ஏட்டையா என்னைய உக்காரவச்சு, அடையாளம் சொல்லும்மான்னு கேட்டாரு. நான் நீலக் கைலின்னேன். அவரு சொன்னாரு, கைலிய ஆறு உருவிட்டுப் போயிரும்மா, ஒடம்புல என்ன அடையாளம் இருக்கு, அதச் சொல்லு. மச்சம் உண்டா, தழும்பு உண்டா, பல்லு எப்படின்னு. கோவமாக் கேக்கல. உள்ளதக் கேட்டாரு." பாக்கியம் கையிலிருந்த இலையை மடித்துக்கொண்டே இருந்தார். "எனக்கு ஒன்னுமே வாயில வரல. நல்ல மனுசருன்னேன். அத வச்சு எப்படித் தேடுவாக? பதினாறு வருசம் ஒரே பாயில படுத்து எந்திரிச்ச மனுசர, இப்படி இருப்பாருன்னு சொல்ல எனக்கு நாலு வார்த்த இல்ல."

மூன்றாம் நாள், கீழே கண்மாய்ப் பக்கம் ஒதுங்கிக் கிடந்தாராம். தங்கராஜின் அண்ணன்தான் போய் அடையாளம் காட்டினார். பார்க்க வேண்டாம் என்று பாக்கியத்தைத் தடுத்துவிட்டார்கள். மூடியபடியே எடுத்துவிட்டார்கள்.

"அப்புறம்தான் அந்தக் கவிதையா அக்கா?"

"கவித எல்லாம் எனக்குத் தெரியாது. ஞாயித்துக்கெழம ஆனா ஆத்துக்குப் போயிருவேன். கோவம். திருடன் மொகத்த நல்லாப் பாத்து வச்சுக்கிடுவோம்ல, நாளைக்கு யாராச்சும் கேட்டா அடையாளம் சொல்லணும்னு? அப்படிப் பாத்தேன். எந்தக் கல்லு எங்க இருக்கு, எந்த வேரு தண்ணிக்குள்ள போகுது, எந்தக் கிளையில மீன்கொத்தி உக்காருது. ஒன்னு விடாம. திங்கக்கெழம வேலைக்கு வந்து, துணி மடிச்சுக்கிட்டே பக்கத்துல இருக்கவகிட்டச் சொல்லுவேன். அவ மக காலேசுல படிச்சா. அந்தப் பிள்ளைதான் நான் சொல்லச் சொல்ல எழுதி எங்கயோ அனுப்பிருச்சு. அச்சுல வந்தப்பம் பாத்தா, கவிதன்னு போட்டு எம்பேரு போட்டுருக்கு."

"கோபம் போயிடுச்சா?"

"அது எப்பமோ போயிருச்சு. பாக்குற பழக்கம் மட்டும் போகல. பொறவு மரம், மழை, தறி, என்ன கண்ணுல பட்டாலும் சொல்லிப் பாக்கேன். ரெண்டு சின்னப் புஸ்தகம் போட்டுருக்காக. ஆனா ஆத்தப் பத்தினத மட்டும் வாயால வாசிக்க மாட்டேன் டீச்சர். அதுல எல்லாம் இருக்கு. அவிய இல்ல. வாசிக்க வாசிக்க, இப்ப வந்துருவாக, இப்ப வந்துருவாகன்னு இருக்கும். கடைசி வரி வரைக்கும் வரமாட்டாக."

பொட்டலங்களை வாங்கிக்கொண்டு திரும்பினோம். பதிவு வேண்டாம் என்று ஈப்போவுக்குச் செய்தி அனுப்பிவிடலாம் என அன்றே முடிவு செய்தேன். என்ன காரணம் எழுதுவது என்று தெரியாமல் அனுப்பாமலேயே விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஓர் ஆட்டோவில் கிளம்பினோம். மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் முடிகிற இடத்தில் அதன் பின்சக்கரம் பஞ்சர். ஓட்டுநர் மாற்றுச் சக்கரம் கொண்டுவரவில்லை. "பக்கந்தான், நடந்துருங்க" என்றார். பக்கம் என்றால் எம்புட்டுப் பக்கம் என்பது இந்த ஊரில் சொல்பவரைப் பொறுத்தது. நல்ல தூரம் நடந்தோம். வெயில் உறைத்தது. மலையின் மேல்பாதி மட்டும் சாம்பல் நிற மேகத்துக்குள் இருந்தது. பாக்கியம் அடிக்கடி அதை அண்ணாந்து பார்த்தபடி நடந்தார்.

ஆற்றங்கரையில் நல்ல கூட்டம். கோயிலுக்குப் பொங்கல் வைக்க வந்தவர்கள் மர நிழலில் அடுப்பு மூட்டியிருந்தார்கள். மசாலா வாடையும் புகையும் சேர்ந்து வந்தன. ஆற்றில் முழங்கால் அளவுதான் தண்ணீர். பெரிய பெரிய உருண்டைப் பாறைகளுக்கு இடையே பிரிந்து, மறுபடி கூடி ஓடியது. ஆண்கள் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்கள் புடவையோடு இறங்கி உட்கார்ந்திருந்தார்கள். நடு ஆற்றில் ஒரு தட்டைப் பாறைமேல் ஒரு தாயும் சின்னப் பெண் குழந்தையும்.

நான் கவிதையைக் கண்முன்னால் பார்த்துக்கொண்டிருந்தேன். மருத மரம் அங்கே நின்றது. அதன் இரண்டு வேர்கள் தண்ணீருக்குள் நீண்டிருந்தன. வளைந்த கிளையும் இருந்தது, மீன்கொத்திதான் இல்லை. ஒரு வாலாட்டிக் குருவி கல்லுக்குக் கல் ஓடியது. வரி வரியாக எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

அலைபேசியை எடுத்துப் பதிவை இயக்கி, கரையோரக் கல் ஒன்றின்மேல் வைத்தேன். பாக்கியம் கணுக்கால் தண்ணீரில் நின்றார். பிறகு குனிந்து எதையோ எடுத்தார். ஒரு கொத்து இலை. பச்சையாக, கிளையோடு ஒடிந்தது. அதை முகர்ந்து பார்த்தார். இன்னொரு கொத்து மிதந்து வந்தது. அவர் ஒரு கை தண்ணீரை அள்ளினார். நானும் பார்த்தேன். தண்ணீர் லேசாகக் கலங்கி, தேயிலை வடித்த நிறத்தில் இருந்தது. சற்றுமுன் அப்படி இல்லை.

அவர் நிமிர்ந்தார்.

"ஏறுங்க. எல்லாரும் கரைக்கு ஏறுங்க. தண்ணி வருது."

அந்த ஒல்லியான உடம்பிலிருந்து அப்படியொரு குரல் வரும் என்று நான் நினைக்கவில்லை. பொங்கல் வைத்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். தலையில் நுரையோடு நின்ற ஒருவர், "என்னம்மா, வெயிலு இந்தப் போடு போடுது" என்றார். பாக்கியம் அவரைப் பார்க்கவேயில்லை. நேரே நடு ஆற்றை நோக்கி நடந்தார். "பிள்ளையத் தூக்கு. ஏட்டி, ஒன்னையத்தான், பிள்ளையத் தூக்கு" என்று கத்திக்கொண்டே போய், பாறைமேல் இருந்த குழந்தையை வாரி இடுப்பில் வைத்து, தாயின் கையைப் பிடித்து இழுத்து வந்தார். அந்தப் பெண் பதறிப்போய், கேள்வி கேட்காமல் வந்தாள். அதைப் பார்த்துதான் மற்றவர்களும் நகர்ந்தார்கள். முதலில் ஒருவர், பிறகு நாலைந்து பேர், பிறகு எல்லாரும். நான் அலைபேசியை அள்ளிக்கொண்டு பின்னால் ஏறினேன்.

தண்ணீர் வந்தது. சுவர் போல எழும்பி வரவில்லை. பழுப்பாக, சருகும் நுரையும் முன்னால் தள்ளிக்கொண்டு, ஒரு பாய் விரிவதைப்போல வந்தது. சற்றுமுன் நான் அலைபேசி வைத்திருந்த கல் மறைந்தது. தட்டைப் பாறையின் மேலே தண்ணீர் ஏறி ஓடியது. இரண்டு வாளிகளும், ஒரு சோப்பு டப்பாவும், யாருடைய செருப்புகளோ சிலவும் அடித்துக்கொண்டு போயின. எல்லாரும் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அடுப்பில் கறி தீயும் வாடை வந்தது, யாரும் போகவில்லை.

அதற்கு மேல் ஏறவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக வடியத் தொடங்கியது. நுரை காய்ந்த தலையோடு நின்றவர், "இம்புட்டுத் தண்ணிக்கா இந்தக் கூப்பாடு? நாங்களே ஏறியிருப்போம்லா" என்றார். ஒன்றிரண்டு பேர் ஆமோதித்தார்கள்.

"ஏறியிருப்பிய. நல்லதுதான்" என்றார் பாக்கியம்.

அந்தத் தாய் குழந்தையின் தலையை முந்தானையால் திரும்பத் திரும்பத் துவட்டிக்கொண்டிருந்தாள். தலை எப்போதோ காய்ந்துவிட்டது.

மருத மரத்தடியில் உட்கார்ந்தோம். பாக்கியத்துக்குத் தண்ணீர் கொடுத்தேன். குடிக்கத் தெரியாதவர்போலக் கழுத்தெல்லாம் சிந்திக்கொண்டார். அலைபேசி இன்னும் பதிவு செய்துகொண்டிருப்பதை அப்போதுதான் கவனித்தேன். நிறுத்தினேன். "கேக்குமா அதுல?" என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டுப் போட்டுக் காட்டினேன். முதலில் ஆற்றின் சலசலப்பு, குழந்தைகளின் சிரிப்பு. பிறகு அந்தக் குரல்.

"யாரு டீச்சர் இது?"

"நீங்கதான் அக்கா."

மறுபடி போடச் சொன்னார். இரண்டாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அன்னைக்கு இந்தக் குரல் வரல" என்றார். "அவிய என்னையப் பாத்துக்கிட்டே போனாக. கொஞ்ச தூரம் தல தெரிஞ்சுது. நான் கரையில நின்னேன். வாயே தெறக்கல எனக்கு. பிழிஞ்ச துணியக்கூடக் கையில இருந்து விடல. யாருகிட்டயும் இதச் சொன்னதில்ல."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்த மிசின அணைச்சாச்சா?" என்று கேட்டார். அணைத்துவிட்டதைக் காட்டினேன். அதன் பிறகு தங்கராஜைச் சொல்லத் தொடங்கினார். ஆற்றைப் பார்த்துக்கொண்டே, நிறுத்தி நிறுத்தி, முன்னால் யாரோ கேட்டு எழுதிக்கொள்வது போலச் சொன்னார்.

"ஒசரம், அந்தக் கெளையில தலை இடிக்கும், குனிஞ்சு வரணும். மாநிறம். வலது கை மட்டும் முழங்கைக்குக் கீழ கருப்பு. லாரி ஜன்னல்ல கைய வச்சு ஓட்டுறதுனால. எடது கைய பக்கத்துல வச்சுப் பாத்தா ரெண்டும் வேற வேற ஆளு கை மாதிரி இருக்கும். பின்கழுத்துல, பெடதியில ஒரு மடிப்பு. அதுக்குள்ள சுண்ணாம்புத் தூசு வெள்ளக் கோடா நிக்கும், எம்புட்டுத் தேச்சுக் குளிச்சாலும் போகாது. வலது கைப் பெருவெரல் நகம் ரெண்டாப் பொளந்திருக்கும், ஜாக்கி வழுக்கி அடிச்சது. முன்பல்லுல ஓரம் ஒடஞ்சிருக்கும், சோடா மூடியப் பல்லால கடிச்சுத் தெறந்து. படுத்தா ஒரு பாதத்து மேல இன்னொரு பாதத்த வச்சுக்கிடுவாக. சோத்துல குழி வெட்டித்தான் ரசம் ஊத்துவாக. சந்தோசமா இருந்தா ஏட்டின்னு கூப்புடுவாக. கோவம்னா பாக்கியம்."

இன்னும் நிறையச் சொன்னார். எல்லாவற்றையும் எழுத எனக்கு அனுமதி இல்லை. பெயர் போடாமல் எழுதிக்கொள்ளச் சொன்னதை மட்டும் எழுதியிருக்கிறேன். சொல்லி முடித்தபோது ஆறு கலங்கல் தெளியாமலே பழையபடி முழங்காலளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சிலர் மறுபடியும் இறங்கிக் குளிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

திரும்பி நடக்கும்போது, "பிள்ளைகளுக்கு அந்தக் குரலப் போட்டுக் காட்டுங்க" என்றார். "பாட்ட நீங்களே வாசிங்க. முன்னாடி இதப் போடுங்க. எழுதுனவ இவதான்னு சொல்லுங்க, போதும்."

மறுநாள் காலை, வேலைக்குப் போகும் முன் பாக்கியம் பேருந்து நிலையத்துக்கு வந்தார். வாழை இலையில் கட்டிய புளிச்சோற்றுப் பொட்டலம் ஒன்றை என் மடியில் வைத்தார். மதுரை வண்டிதானா என்று நடத்துநரிடம் என் முன்னாலேயே இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். ஓட்டுநர் ஏறியதும், "வாரேன் டீச்சர்" என்று இறங்கிப் போனார். கூட்டத்துக்குள் அவர் முதுகு மறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வண்டி பின்னோக்கி நகர்ந்து திரும்பும்போது ஜன்னல் கம்பியில் யாரோ தட்டினார்கள். பாக்கியம் மூச்சு வாங்க நின்றிருந்தார்.

"டீச்சர், நேத்து ஒன்னு விட்டுப் போச்சு. இப்பந்தான் ஞாபகம் வந்துச்சு. சிரிக்கையில அவியளுக்கு எடது கண்ணு மட்டும் மூடிக்கிடும். வலது கண்ணு மூடாது. அது நம்மளப் பாத்துக்கிட்டே இருக்கும்."